மாத்தின பார்ட் மறுபடியும் போச்சு: வாரண்டி யார் தரணும்? கடையா, மெக்கானிக்கா, கம்பெனியா?



கார் வாங்கும்போது இஎம்ஐ, இன்சூரன்ஸ், மைலேஜ்னு எல்லா கணக்கும் போடுறோம். ஆனா மூணாவது, நாலாவது வருஷத்துல பேட்டரி, டயர், கிளட்ச், ஏசி கம்ப்ரஸர்னு ஒவ்வொண்ணா மாத்த ஆரம்பிக்கும்போது அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்குன்னு தெரியும். மாத்தின பார்ட் ஆறு மாசத்துல மறுபடியும் பழுதானா, அதுக்கு யார் பொறுப்பு?

கடைக்காரர் "ஃபிட்டிங் தப்பு சார்"னு சொல்வார். மெக்கானிக் "பார்ட்டே டூப்ளிகேட் தம்பி"ன்னு சொல்வார். கம்பெனி "எங்க அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்ல மாத்தல, அதனால வாரண்டி கிடையாது"ன்னு மெயில் போடும். மூணு பேரும் கையை விரிச்சா, செலவு உங்க தலையில.

காஞ்சிபுரத்துல இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் தினமும் வேலைக்குப் போற நிறைய பேருக்கு செகண்ட் ஹேண்ட் கார்தான் முதல் கார். மாசச் சம்பளம் 30,000, 35,000 வாங்குறவங்களுக்கு 20,000 ரூபாய் பார்ட் ரெண்டு தடவை போறது சின்ன விஷயம் இல்ல. வீடியோவில் சுருக்கமா சொன்னதை இங்கே கணக்கோட, சட்டத்தோட விரிவா சொல்றேன். நான் சிஏ, வக்கீல் இல்ல. வழக்கு பெருசா போனா ஒரு வக்கீலைப் பாருங்க. ஆனா பெரும்பாலான வாரண்டி சண்டை அந்த அளவுக்குப் போறதுக்கு முன்னாடியே, பில்லும் பேப்பரும் சரியா இருந்தா முடிஞ்சிடும்.

முதல்ல பிரிச்சுக்கோங்க: வாரண்டி ரெண்டு

நிறைய குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்குது.

ஒண்ணு, காரோட வாரண்டி. புது கார் வாங்கும்போது கம்பெனி தர்றது. "வெளியில மெக்கானிக் கை வெச்சா வாரண்டி போயிடும்"னு பயமுறுத்துறது இதை வெச்சுத்தான்.

ரெண்டாவது, நீங்க தனியா காசு கொடுத்து வாங்கின பார்ட்டோட வாரண்டி. இதை அந்தப் பார்ட்டைத் தயாரிச்ச கம்பெனி தருது. கார் வாரண்டி முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருந்தாலும் பார்ட் வாரண்டி தனியா ஓடும்.

மூணாவதா ஒரு கலவையும் உண்டு. கார் வாரண்டியில இலவசமா மாத்திக் கொடுத்த பார்ட்டுக்குப் பெரும்பாலும் புது வாரண்டி கிடைக்காது. காரோட வாரண்டியில மீதி எத்தனை மாசம் இருக்கோ, அதுவரைக்கும்தான்.

எந்த வாரண்டியில கேக்குறீங்கன்னு தெரியாம கேட்டா, எதிர்ல இருக்கறவர் தனக்கு வசதியான வாரண்டியோட விதியை எடுத்து நீட்டுவார்.

"வெளியில கை வெச்சா வாரண்டி கட்": இது எவ்வளவு தூரம் செல்லும்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவுல ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில், அதாவது சிசிஐ-யில், ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் நிறுவனங்கள் மேல புகார் கொடுத்தார். புகார் இதுதான்: ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் வெளிச்சந்தையில கிடைக்க விடுறதில்ல, பழுது கண்டுபிடிக்கிற கருவிகளைத் தனி மெக்கானிக்குகளுக்குத் தர்றதில்ல, அதனால வாடிக்கையாளர் கம்பெனி சொன்ன விலையைக் கொடுத்தே ஆகணும். விசாரணை மற்ற கார் கம்பெனிகளுக்கும் விரிஞ்சது.

2014 ஆகஸ்ட் 25-ல் சிசிஐ உத்தரவு போட்டது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம். மாருதி சுசூகி, டாடா மோட்டார்ஸ், மஹிந்திரா, டொயோட்டா எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. 2015 ஜூலையில் ஹூண்டாய்க்குத் தனியா சுமார் ரூ.420 கோடி அபராதம் வந்தது. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல இருங்காட்டுக்கோட்டையில தொழிற்சாலை வெச்சிருக்கிற அதே ஹூண்டாய்தான்.

அபராதத்தை விட நமக்கு முக்கியம் அந்த உத்தரவுல வாரண்டி பத்தி சொன்னது. தனி மெக்கானிக்கிட்ட வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமா ரத்துன்னு பொத்தாம்பொதுவா நிபந்தனை போடக்கூடாது. வெளியில செஞ்ச தப்பான வேலையால எந்த அளவு சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம்.

உதாரணமா, வெளியில மியூசிக் சிஸ்டம் மாட்டினீங்க. வயரிங் கட் பண்ணி மாட்டினதால எலக்ட்ரிக்கல் பிரச்சனை வந்தா, அதுக்கு கம்பெனி மறுக்கலாம். ஆனா அதே காரணத்தைச் சொல்லி கியர்பாக்ஸ் வாரண்டியை மறுத்தா, "மியூசிக் சிஸ்டத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? எழுத்துல கொடுங்க"ன்னு கேக்குறது உங்க உரிமை.

இந்த உத்தரவுகளை கம்பெனிகள் எதிர்த்தன. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைச்சது. ஆனா சட்ட மீறல் நடந்ததுங்கிற முடிவை மாத்தல. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அதனால இதைக் காட்டினா உடனே கதவு திறக்கும்னு நினைக்காதீங்க. ஆனா மெயில்ல இந்த உத்தரவைக் குறிப்பிட்டு, சம்பந்தத்தை விளக்கச் சொல்லிக் கேட்டா, பேசுற தொனி மாறும்.

பார்ட் வாரண்டி: கார்டுல படிக்க வேண்டிய நாலு வரி

இப்ப நீங்க காசு கொடுத்து வாங்கின பார்ட்டுக்கு வருவோம். வாரண்டி கார்டுல இருக்கிற எல்லாத்தையும் படிக்க முடியாட்டியும் இந்த நாலை மட்டும் பாருங்க.

1. எத்தனை மாசம், எத்தனை கிலோமீட்டர்? "எது முதலில் வருதோ"ன்னு போட்டிருப்பாங்க. 12 மாசம் அல்லது 20,000 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. காஞ்சிபுரம் டு சென்னை தினமும் போய் வந்தா ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர். மாசம் 25 நாள்னா 3,750. ஆறு மாசம் முடியறதுக்குள்ள உங்க வாரண்டி முடிஞ்சிடும். கார்டுல 12 மாசம்னு இருந்தாலும் உங்களுக்கு அது அஞ்சரை மாச வாரண்டிதான்.

2. என்ன கவர் ஆகாது? பிரேக் பேட், வைப்பர், பல்பு மாதிரி தேயுற பொருட்களுக்குத் தேய்மானம் கவர் ஆகாது. தயாரிப்புக் குறை மட்டும்தான் கவர் ஆகும். கிளட்ச் பிளேட் தேஞ்சா கிடையாது. ஸ்பிரிங் உடைஞ்சா கேக்கலாம்.

3. யார் மாட்டணும்? சில கார்டுல "தகுதியான மெக்கானிக்" போதும். சிலதுல "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்" மட்டும். வாங்குறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டியது இது.

4. கூலி உண்டா? பெரும்பாலான பார்ட் வாரண்டியில பார்ட் மட்டும்தான். கழட்டி மாட்டுற கூலி, ஆயில், கேஸ், டோ பண்ண செலவு எல்லாம் உங்க கணக்கு.

பேட்டரி, டயர்: இலவசம்னு நினைச்சா ஏமாறுவோம்

பேட்டரியில "24+24" மாதிரி எழுதியிருக்கும். முதல் 24 மாசம் பழுதானா இலவசமா மாத்தித் தருவாங்க. அடுத்த 24 மாசத்துல இலவசம் கிடையாது, தள்ளுபடி மட்டும்தான். எத்தனை மாசம் ஓடியிருக்கோ அதுக்கேத்த மாதிரி தள்ளுபடி குறையும்.

ஒரு உதாரணக் கணக்கு. பேட்டரி எம்ஆர்பி ரூ.7,000. 30-வது மாசம் போயிடுச்சு, கார்டுப்படி 35% தள்ளுபடின்னு வெச்சுக்கலாம். நீங்க கட்ட வேண்டியது ரூ.4,550. "2,450 ரூபாய் லாபம்"னு தோணும். ஆனா தள்ளுபடி எம்ஆர்பி மேல. அதே பேட்டரியை கடையில பழைய பேட்டரியைக் கொடுத்து ரூ.5,600-க்கு வாங்கலாம்னா உண்மையான லாபம் ரூ.1,050 மட்டும்தான். கேக்க வேண்டிய கேள்வி: "இதுக்குப் புது வாரண்டி உண்டா, இல்ல பழசோட மீதி மட்டுமா?" இலவசமா மாத்தித் தந்த பேட்டரிக்குப் பொதுவா பழசோட மீதி காலம்தான்.

டயர்ல மாசத்தோட சேர்த்து தேய்மானத்தையும் பார்ப்பாங்க. தயாரிப்புக் குறைன்னு கம்பெனி ஆள் ஒத்துக்கிட்டாலும், எவ்வளவு த்ரெட் மீதி இருக்கோ அந்த அளவுக்குத்தான் தள்ளுபடி. புது டயர்ல 8 மில்லிமீட்டர் த்ரெட், சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 இருக்கணும். அப்ப ஓட்டக்கூடியது 6.4. இப்ப 4.8 இருக்குன்னா, 1.6 கழிச்சா மீதி 3.2, அதாவது பாதி. 5,000 ரூபாய் டயருக்கு நீங்க 2,500 கட்டுவீங்க. கம்பெனிக்கு கம்பெனி கணக்கு கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான். பள்ளத்துல விழுந்து பக்கவாட்டுல வீங்கினா அது தயாரிப்புக் குறை இல்லன்னு மறுத்துடுவாங்க.

டயர் வாங்கும்போது பக்கச்சுவர்ல இருக்கிற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2324-ன்னா 2024-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. புதுசுன்னு சொல்லி மூணு வருஷம் குடோன்ல கிடந்ததை விக்கிறாங்களான்னு இதுலயே தெரிஞ்சிடும்.

மூணு பேரும் கை காட்டும்போது என்ன நடக்கும்?

ஒரு வாசகரோட அனுபவத்தைச் சொல்றேன். பேர், கடை எதுவும் வேண்டாம். வீடு பிள்ளையார்பாளையம், வேலை ஒரகடம். கையில வர்ற சம்பளம் ரூ.34,000. அப்பாவை மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதனால ஏசி ஆடம்பரம் இல்ல.

கம்ப்ரஸர் போச்சு. சென்னையில ஒரு கடையில புது கம்ப்ரஸர் ரூ.16,500-க்கு வாங்கினார், ஒரு வருஷ வாரண்டி. ஊர்ல மெக்கானிக் மாட்டினார். கூலி, ஆயில், கேஸ், ட்ரையர் எல்லாம் சேர்த்து ரூ.5,000. மொத்தம் ரூ.21,500. அஞ்சாவது மாசம், நல்ல வெயில் நேரத்துல, கம்ப்ரஸர் ஜாம் ஆயிடுச்சு.

கடை சொன்னது: "பழைய கம்ப்ரஸர் உடைஞ்சப்ப உள்ள போன இரும்புத் துகளை சுத்தம் பண்ணாம மாட்டியிருப்பாங்க. ஃபிட்டிங் தப்பு." இது வெறும் சாக்கு இல்லங்கிறதையும் புரிஞ்சுக்கணும். கம்ப்ரஸர் உள்ளுக்குள்ள உடைஞ்சா துகள் பைப் முழுக்கப் பரவும். பைப்பை ஃப்ளஷ் பண்ணணும், ட்ரையரை மாத்தணும், சரியான ஆயிலைச் சரியான அளவு ஊத்தணும். இல்லன்னா புது கம்ப்ரஸரும் போகும். அதனாலதான் கம்பெனிகள் இதுக்கு ஆதாரம் கேக்குறாங்க.

இவரைக் காப்பாத்தினது ரெண்டு பேப்பர். ஒண்ணு, கடை பில்லுல கம்ப்ரஸரோட சீரியல் நம்பர் இருந்தது. ரெண்டு, மெக்கானிக் அண்ணன் ஒரு சின்ன பில்லுல "ஃப்ளஷிங், ட்ரையர் புதுசு, ஆயில்"னு தனித்தனியா எழுதிக் கொடுத்திருந்தார். அதை வெச்சு கடைக்கும் கம்பெனிக்கும் மெயில் போனதும் பார்ட்டை வாங்கிப் பரிசோதிச்சாங்க. மூணு வாரத்துல புது கம்ப்ரஸர் வந்தது.

கூலியும் கேஸும் வரல. மறுபடியும் ரூ.3,800 செலவு. அதுக்குக் கேட்டு எழுதினப்ப கடை ரூ.1,500 கொடுத்து முடிச்சுக்கிட்டது. முழு வெற்றி இல்ல. ஆனா அந்த ரெண்டு பேப்பர் இல்லன்னா ரூ.16,500-ம் போயிருக்கும்.

"பில் வேண்டாம்னா வரி மிச்சம்": இந்த மிச்சத்தோட விலை என்ன?

2025 செப்டம்பர் 22-லிருந்து கார் உதிரி பாகங்களுக்கு 18% ஜிஎஸ்டி. அதுக்கு முன்னாடி பலதுக்கு 28% இருந்தது. 10,000 ரூபாய் பார்ட்டுக்கு வரி ரூ.1,800. "பில் இல்லாம 10,000 கொடுங்க தம்பி"ன்னு கடையில சொன்னா, நமக்கும் ஆசை வரும்.

காஞ்சிபுரம்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. கல்யாணப் பட்டு எடுக்கும்போது ஜரிகை அசலான்னு உரசிப் பார்க்காத குறையா விசாரிப்போம். சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பார்ப்போம். அதே ஜாக்கிரதையை ஒரு ஆல்டர்னேட்டருக்குக் காட்டுறதில்ல. 1,800 ரூபாய் மிச்சம் பண்ணி, 10,000 ரூபாய் பொருளோட வாரண்டியை நாமே கிழிச்சுப் போடுறோம். பில் இல்லாம வாங்கின பொருளை அந்தக் கடையிலதான் வாங்கினீங்கன்னு நிரூபிக்கிறதே பெரும்பாடு.

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராம இருக்கிறது முறையற்ற வணிக நடைமுறை. அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறதும் முறையற்ற நடைமுறைதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு போர்டு மாட்டினாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது.

பில்லுல இருக்க வேண்டியது:

- கடையோட ஜிஎஸ்டி எண். ஜிஎஸ்டி இணையதளத்துல போட்டா அது உண்மையான்னு ஒரு நிமிஷத்துல தெரியும்.
- பார்ட் பேர், பிராண்ட், பார்ட் நம்பர், சீரியல் அல்லது பேட்ச் நம்பர்.
- உங்க பேர், வண்டி நம்பர். மெக்கானிக் பேர்ல பில் போட விடாதீங்க.
- வாரண்டி காலம், கிலோமீட்டர்.
- "எஸ்டிமேட்", "கொட்டேஷன்"னு தலைப்பு போட்ட பேப்பர் பில் இல்ல.

புதுப்பேட்டையில பழைய பார்ட் வாங்கினா இந்தக் கதையே வேற. அங்க விலை குறைவா இருக்கிறதே வாரண்டி இல்லாததாலதான். அதைத் தெரிஞ்சு வாங்கினா தப்பில்ல. புது பார்ட் விலை கொடுத்துட்டு பழைய பார்ட் பாதுகாப்போட வரக்கூடாது, அவ்வளவுதான்.

"பார்ட் ஃப்ரீ, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க"

வாரண்டியில மாத்தித் தரும்போது சில இடத்துல இப்படிக் கேப்பாங்க. 2023 ஜூலை 17-ல் மறைமுக வரி வாரியம் போட்ட சுற்றறிக்கை 195 இதைத் தெளிவாக்கியிருக்கு. வாரண்டி காலத்துல வாடிக்கையாளர்கிட்ட தனியா பணம் வாங்காம பார்ட்டை மாத்திக் கொடுத்தா, அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏன்னா வாரண்டியோட விலை முதல் பில்லுலயே சேர்ந்திருக்கு, அதுக்கு நீங்க அப்பவே வரி கட்டியாச்சு. பார்ட்டுக்கோ கூலிக்கோ தனியா பணம் வாங்கினா, வாங்கின தொகைக்கு மட்டும் வரி உண்டு. பேட்டரி உதாரணத்துல நீங்க கட்டுற ரூ.4,550-க்குள்ள வரியும் அடக்கம்.

யாராவது கேட்டா சண்டை வேண்டாம். "எந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி போடுறீங்களோ, அதை பில்லுல தனியா காட்டுங்க"ன்னு சொல்லுங்க.

பழுதானா முதல்ல செய்ய வேண்டியது

1. வண்டியை ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க. "பழுது தெரிஞ்ச பிறகும் ஓட்டினதால சேதம் அதிகமாச்சு"ங்கிறது அவங்களுக்கு நல்ல காரணம்.

2. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ எடுங்க. மாட்டியிருக்கிற நிலையில, சீரியல் நம்பர் தெரியற மாதிரி, ஓடோமீட்டர் கிலோமீட்டரோட.

3. பழுதான பார்ட்டை யார்கிட்டயும் சும்மா கொடுக்காதீங்க. உங்க கையில இருக்கிற ஒரே சாட்சி அதுதான். பரிசோதனைக்குக் கேட்டா, சீரியல் நம்பர், தேதி, சீல் போட்ட ரசீது வாங்கிட்டுக் கொடுங்க.

4. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. "கம்பெனி ரிஜெக்ட் பண்ணிடுச்சு"ன்னு போன்ல சொல்றது பதில் இல்ல. என்ன பரிசோதனை, என்ன குறை, எந்த நிபந்தனைப்படி மறுப்பு. மூணும் வேணும்.

5. கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே மெயில்ல எழுதுங்க. தனித்தனியா பேசினா ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளுவாங்க.

மெயில் இப்படி இருந்தா போதும்:

"… தேதியிட்ட … எண் பில்லின்படி, … சீரியல் எண் கொண்ட … பாகத்தை ரூ.…-க்கு வாங்கினேன். … தேதியில் … கிலோமீட்டரில் பொருத்தப்பட்டது. … தேதியில் … கிலோமீட்டரில் பழுதானது. வாரண்டி காலம் முடியவில்லை. பொருத்திய விவரப் பில்லும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பாகத்தை மாற்றித் தரவும், அல்லது பரிசோதனை அறிக்கையுடன் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

கோபம், மிரட்டல், "விட மாட்டேன்" எதுவும் வேண்டாம். இந்த மெயிலை நாளைக்கு ஒரு நீதிபதி படிக்கலாம்னு நினைச்சு எழுதுங்க.

அதுக்கும் மசியலன்னா

அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிவு பண்ணினா கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேப்பாங்க. இது நீதிமன்றம் இல்ல, கட்டாயப்படுத்த முடியாது. ஆனா பெரிய பிராண்டுகள்கிட்ட இந்தக் கட்டத்துலயே பதில் வர வாய்ப்பிருக்கு. ஆன்லைன்ல வாங்கின பார்ட்னா, 2020 மின்வணிக விதிப்படி அந்தத் தளத்தோட குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துல புகாரை ஒப்புக்கொள்ளணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். பயப்படாதீங்க, விதிகள் நமக்குச் சாதகமாத்தான் இருக்கு:

- பொருளுக்கு நீங்க கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார்க் கட்டணம் கிடையாது.
- நீங்க வசிக்கிற இடத்துல, இல்லன்னா வேலை செய்யற இடத்துல இருக்கிற ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊர்ல இருந்தாலும் அங்க அலைய வேண்டாம்.
- வக்கீல் கட்டாயம் இல்ல. இ-ஜாக்ருதி தளத்துல ஆன்லைன்லயே பதிவு செய்யலாம். வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேக்கலாம்.
- பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.
- "கம்பெனியின் முடிவே இறுதியானது"ன்னு கார்டுல இருந்தாலும், ஆணையத்துக்குப் போற உரிமையை அது பறிக்காது.

ஆனா ஒரு இடத்துலதான் நிறைய புகார்கள் தோத்துப் போகுது: குறை இருக்குன்னு நிரூபிக்கிற இடம். பரிசோதனை இல்லாம தெரியாத குறைன்னா, ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாள்ல அறிக்கை கேப்பாங்க. அந்தக் கட்டணத்தை முதல்ல நீங்கதான் கட்டணும். அனுப்ப பார்ட் கையில இருக்கணும். பழைய பார்ட்டை இரும்புக் கடையில எடைக்குப் போட்டுட்டா, வழக்கையும் சேர்த்து போட்டாச்சு.

எவ்வளவு கேக்கலாம்ங்கிறதுலயும் நிதானம் வேணும். 2006-ல் மாருதி வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை பழுதான பாகத்தை மாத்தறதுக்குத்தான், முழுக் காரையும் மாத்தறதுக்கு இல்லன்னு சொல்லியிருக்கு. பார்ட் விலை, திரும்ப மாட்டின கூலி, பில் இருக்கிற டோயிங் செலவு, நியாயமான மன உளைச்சல் தொகை. இவ்வளவு கேளுங்க. 16,500 ரூபாய் பார்ட்டுக்கு 10 லட்சம் கேட்டா, உங்க உண்மையான நஷ்டத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

சண்டை போடலாமா, விட்டுடலாமா? ஒரு கணக்கு

பார்ட் விலை 900 ரூபாய். ரெண்டு நாள் லீவு போட்டா சம்பளத்துல 2,200 போகும். அப்ப ஒரு மெயில், 1915-ல் ஒரு புகார், அதோட நிறுத்திக்கோங்க. பார்ட் விலை 16,500-ன்னா, பேப்பர் சரியா இருந்தா, கடைசி வரைக்கும் போகலாம். பேப்பர் இல்லன்னா, முதல்ல சமரசத்துக்குப் பாருங்க.

வாங்கும்போதே இன்னொரு கணக்கும் போடலாம். ஒரிஜினல் பார்ட் ரூ.16,500, ஒரு வருஷ வாரண்டி, பில்லோட. இன்னொண்ணு ரூ.11,000, வாரண்டி இல்ல. வித்தியாசம் ரூ.5,500. இது அந்த ஒரு வருஷத்துக்கு நீங்க கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. மாட்டுற கூலியே 5,000 ஆகிற பார்ட்டுக்கு இந்தப் பிரீமியம் நியாயம். நீங்களே ரெண்டு நிமிஷத்துல மாத்துற பல்புக்குத் தேவையில்ல. நடுவுல ஒரு வழியும் உண்டு: கார் கம்பெனிக்கு சப்ளை பண்ற தயாரிப்பாளரே தன் சொந்த டப்பாவில விக்கிற பார்ட். கார் கம்பெனி டப்பாவை விட விலை குறைவாவும் இருக்கலாம், வாரண்டியும் இருக்கும். சென்னை ஜி.பி. ரோடு கடைகள்ல இதைப் பேர் சொல்லிக் கேளுங்க.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்க. போன ரெண்டு வருஷத்துல காருக்கு வாங்கின பேட்டரி, டயர், பார்ட் பில் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து, வண்டி நம்பர் போட்ட ஒரு ஃபோல்டர்ல வையுங்க. அதுல பாதி பில் வெயில்ல வெளிறிப்போற தெர்மல் பேப்பர். வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே எழுத்து அழிஞ்சிடும். ஃபோல்டர் போட்டதும் வாரண்டி முடியற தேதியை காலண்டர்ல குறிச்சு, அதுக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு ரிமைண்டர் வையுங்க. சின்னதா சத்தம் வருது, ஸ்டார்ட் ஆக லேசா திணறுதுன்னா, வாரண்டி இருக்கும்போதே காட்டிடலாம்.

அடுத்த வீடியோவில் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா வேண்டாமான்னு கணக்கு போட்டுப் பார்ப்போம்.